சோடி மிதி

துவைத்துக் காயப்போட்ட ரவிக்கையின் வலது தோளில் மறுபடியும் உப்பு பூத்திருந்தது.

ரவிக்கையில் உப்பைப் பார்ப்பது அமராவதிக்குப் புதுசு இல்லை. மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிற எந்தப் பெண்பிள்ளையின் ரவிக்கையை எடுத்தாலும் முதுகில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருக்கும். அது வியர்வை உப்பா, பாத்தியில் தெறித்த உப்பா என்று யாரும் ஆராய்ச்சி பண்ணுவதில்லை. ஆனால் அவள் பாத்தியில் கால் வைத்துப் பத்து நாள் ஆகிறது. முதுகில் ஒன்றும் இல்லை, இடது தோளிலும் இல்லை. வலது தோளில் மட்டும், ஒரு ஆளின் உள்ளங்கை எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடத்தில், தொட்டால் நறநறவென்று உதிர்ந்தது. நேற்றுத்தான் நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசியிருந்தாள்.

கொடியிலிருந்து உருவி வாளியில் முக்கிக் கசக்கினாள். நாளை மதியம் பஸ் ஏற வேண்டும். கிளியனூர் பால்வாடியில் டீச்சர் வேலை, பழக்கமில்லாத ஊர், ஒற்றை அறை, முப்பது குழந்தைகள் என்று பயப்படுவதற்கு வேறு எவ்வளவோ இருந்தது. போயும் போயும் ஒரு ரவிக்கைக்காகவா பயப்படுவது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஆனாலும் இன்னொரு தரம் முக்கிக் கசக்கினாள்.

அவள் புருஷன் தட்சணாமூர்த்தி செத்து இருபத்தைந்து நாள் ஆகிறது.

அவன் அவளை ஒருநாளும் அடித்ததில்லை, குரலை உயர்த்திப் பேசியதில்லை, குடித்ததில்லை. தெருப் பெண்கள் அவளைப் பார்த்து வயிறெரிந்தார்கள். கல்யாணமான ஐந்து வருஷத்தில் அமராவதி தனியாகப் போன ஒரே இடம் கொல்லைப்புறம்தான் என்று அடுத்த வீட்டுப் பாஞ்சாலை கேலி பண்ணுவாள். அதுகூட முழுக்க நிஜமில்லை. அங்கேயும் அவன் வேலிக்கு இந்தப்பக்கம் இருமிக்கொண்டு நிற்பான்.

பெருமுக்கல்தான் அவள் பிறந்த ஊர். ஒரு கார்த்திகைக்கு, மூன்று நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளே மலையடிவாரத்தில் அவன் நிற்கிறான். விடிந்ததும் கிளம்பி நடந்தே வந்திருக்கிறான். முழங்கால் வரைக்கும் புழுதி. "நீ இல்லாம சோறு எறங்கல அமரா" என்றான். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான் என்று. அமராவதிக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. அது புரிந்தபோது தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அடிக்கிற புருஷன் என்றால் அழுதுகொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். சாப்பிடாமல் காத்திருக்கிறவனைப் பற்றி யாரிடம் போய் என்ன புகார் சொல்வது? அவளுக்கும் அவன் மேல் உயிர்தான். கஷ்டமே அதுதான்.

போதாததற்குக் கண் வேறு. வருஷக்கணக்காக உப்பு வெளிச்சத்தைப் பார்த்தே கெட்ட கண் என்றார்கள். பகலில் ஒரு குறையும் இல்லை. பொழுது இறங்கினால் மட்டும் அவனுக்கு உலகம் இல்லை. வேலை முடிந்து வரப்பு மேல் வீட்டுக்கு வரும்போது அவள் முன்னால் நடப்பாள். அவன் அவளுடைய வலது தோளில் கையை வைத்துக்கொண்டு பின்னால் வருவான். பிடிக்க மாட்டான், அழுத்த மாட்டான், சும்மா வைத்திருப்பான். கட்டைவிரல் மட்டும் அவ்வப்போது அவள் கழுத்தோரத்தை ஒரு தடவு தடவும். அவளுக்கு அது பிடிக்கும். தினமும் அதே இடத்தில், அதே கனத்தில் இருக்கும்போது பிடிக்காமலும் போகும்.

அவள் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். பால்வாடி வேலைக்கு நேர்முகம் என்று திண்டிவனத்திலிருந்து கடுதாசி வந்தபோது அவன் தடுக்கவில்லை. பஸ்ஸுக்குக் கூடவே வந்து, தன் குடையை அவள் கையில் கொடுத்தான். "நாலேகால் பஸ்ஸப் புடிச்சிடு. நான் பாத்தியிலேயே நிக்கிறேன். பொழுது போயிட்டா எனக்கு..." என்று சொல்லி மீதியை முழுங்கிவிட்டுச் சிரித்தான்.

நேர்முகம் இரண்டரைக்கே முடிந்துவிட்டது. நாலேகால் பஸ் அவள் கண் முன்னால்தான் நின்றது. கண்டக்டர் மரக்காணம், மரக்காணம் என்று கத்தினான். அவள் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் டீ, பாதி தின்ற பன், பக்கத்தில் யாரோ விட்டுப்போன வாரப்பத்திரிகை. எழுந்திருக்க வேண்டும் என்று தெரியும். எழுந்திருக்கவில்லை. பஸ் போயிற்று. அடுத்த பஸ் ஆறு மணிக்கு. அந்த ஒன்றேமுக்கால் மணி நேரம் அவள் யாருக்கும் எதுவுமாக இல்லை. இன்னொரு டீ வாங்கிக் குடித்தாள்.

அவள் வந்து சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. விடிந்ததும்தான் அவனைக் கண்டுபிடித்தார்கள். இருட்டில் வழி தவறி, கழுவெளி ஏரியிலிருந்து அளத்துக்கு உப்புத்தண்ணீர் வருகிற வாய்க்காலில், சேற்றில் தொடை வரைக்கும் புதைந்து, நின்றபடியே இருந்தான். ராத்திரி தண்ணீர் ஏறித் தலைக்கு மேல் போய், காலையில் இடுப்புக்கு இறங்கியிருந்தது. வலது கை முன்னால் நீண்டிருந்தது, ஒரு பெண்ணின் தோள் உயரத்தில். அதை மடக்க முடியவில்லை. அப்படியே புதைத்தார்கள்.

பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது என்று அமராவதி எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள்.

ரவிக்கையைப் பிழிந்து உதறி மறுபடி கொடியில் போட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு நல்லதண்ணிக் கிணற்றுக்குப் போனாள். திரும்பும்போது பாஞ்சாலையும் கூட வந்தாள். ஐம்பது வயசுக்காரி, அதே அளத்தில் உப்பு வாருகிறவள், மனசில் பட்டதை உடனே கொட்டிவிடுகிற வாய்.

"ஏன்டி, குடத்துல தண்ணி இருக்குதா கல்லு இருக்குதா? இப்படி அடி அடியா எடுத்து வெக்கிற?"

அமராவதி அப்போதுதான் கவனித்தாள். குட்டையைத் தாண்டும்போது தேவையில்லாமல் சுற்றிப் போயிருக்கிறாள், பின்னால் வருகிற ஒருவனுக்கும் சேர்த்து இடம் விட்டு. மேடு வந்த இடத்தில் வேகத்தைக் குறைத்திருக்கிறாள். அதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் வாய் தானாக, தாழ்ந்த குரலில், "கல்லு. பாத்து" என்றது.

பாஞ்சாலை நின்றுவிட்டாள். "யாரைடி பாக்கச் சொல்ற?"

"ஒன்னும் இல்லக்கா. பழக்க தோசம்."

மறுபடி நடக்கும்போது பாஞ்சாலை குரலை இறக்கினாள். "நாளைக்குக் கெளம்பிடு. ஊரு ஆயிரம் பேசும், நீ காதுல வாங்காத. ஒன்னு மட்டும் சொல்லு. அவன் தடத்த முழுசா அழிச்சிட்ட இல்ல?"

"அழிச்சிட்டேன்க்கா."

"இல்ல, காவலுக்குப் போற பச்சமுத்து சொன்னான். உம் பாத்தித் தரை குண்டும் குழியுமா இருக்குதாம். அதான் கேட்டேன்."

அமராவதி குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

உப்பு விளைய வேண்டுமானால் முதலில் பாத்தித் தரை இறுக வேண்டும். மாசி மாசத்தில் ஈரக் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துக் கல்லாக்குவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே அடியாக, வரிசை வரிசையாக மிதிப்பார்கள். அதற்குச் சோடி மிதி என்று பெயர். ஒரு சோடி மிதிக்க ஆரம்பித்த பாத்தியில் மூன்றாவது ஆள் கால் வைக்கக் கூடாது. பாதியில் ஒருவர் போய்விட்டால், மிஞ்சினவர் கருமாதிக்கு முன்னால் தனியாக இறங்கி, போனவரின் தடத்தை எல்லாம் தன் காலால் மிதித்து அழித்துவிட வேண்டும். ஒன்றுகூட மிச்சம் வைக்கக் கூடாது. வைத்தால் போனவருக்கு வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

தட்சணாமூர்த்தி செத்த பதினைந்தாம் நாள் அமராவதி இறங்கினாள். காலையிலிருந்து மிதித்தாள். அவன் தடங்கள் ஒவ்வொன்றாக அவள் காலடியில் மறைந்தன. குதிகால் அகலம், பெருவிரல் கொஞ்சம் விலகியிருக்கும். இருட்டிலும் அவளால் அடையாளம் சொல்ல முடியும். மதியத்துக்கு மேல் கடைசி மூலைக்கு வந்தாள். அங்கே ஒரே ஒரு சோடித் தடம், மற்றதைவிட ஆழமாக, பஸ் வருகிற சாலையைப் பார்த்து இருந்தது. அவளுக்காக அவன் நின்ற இடம். நெடுநேரம் ஒரே இடத்தில் நின்றிருக்கிறான், விரல்கள் மண்ணைக் கவ்வியிருந்தன.

காலைத் தூக்கினாள். வைக்க முடியவில்லை. அவனை நிற்க வைத்ததும் நான், இப்போது நின்ற இடத்தைக்கூட இல்லாமல் ஆக்குவதும் நானா என்று அழுதாள். பிறகு ஓர் ஓட்டைக் கூடையைக் கொண்டுவந்து அந்தத் தடத்தின் மேல் கவிழ்த்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று பாஞ்சாலையிடம் சொன்னாள். அது அவள் சொன்ன இரண்டாவது பொய்.

மறுநாள் கருமாதி ஆயிற்று. அதற்கும் மறுநாளிலிருந்து ரவிக்கையில் உப்பு.

கிணற்றிலிருந்து வந்த அன்று சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு ஒரு ஆளுக்குச் சோறு வடித்தாள். தட்டில் போட்டாள், குழம்பு ஊற்றினாள், மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பசி வயிற்றைக் கிள்ளியது. வெகுநேரம் கழித்துத்தான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது. காத்திருக்கிறாள். யாரோ வர வேண்டும், வந்தால்தான் சாப்பிடலாம் என்பதுபோல மூடின தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து வருஷம் அவன் உட்கார்ந்த அதே இடத்தில், அவன் சாய்ந்து சாய்ந்து கறுத்துப்போன அதே சுவரில்.

அப்போது வாடை வந்தது. முதலில் லேசாக, வாசல் பக்கமிருந்து, அளத்து வாய்க்காலைக் கிளறினால் வருகிற அழுகிய முட்டை வாடை. பிறகு வீட்டுக்குள்ளேயே நிறைந்தது. விளக்குச் சுடர் ஆடவில்லை. தெருவில் யாரோ வைத்திருந்த ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. அந்தப் பாட்டுக்குக் கீழே, சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி எடுக்கிற சத்தம் கேட்டது. சளக். நின்றது. கொஞ்ச நேரம் துழாவுகிற மாதிரி ஒரு மௌனம். மறுபடி சளக். சாணம் மெழுகிக் காய்ந்த தரையில் அந்தச் சத்தம் வரக் காரணமே இல்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வலது தோள் சில்லிட்டது.

மூடின தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். பாஞ்சாலை வீட்டில் அவள் மகளுக்கும் சுவருக்கும் நடுவில் சுருண்டு படுத்துக்கொண்டாள். விடிந்து வந்து தட்டைத் திறந்தபோது சோறு அப்படியே இருந்தது. ஒரு பருக்கையை வாயில் வைத்தாள். உப்புக் கரித்தது.

அதுதான் முடிவு பண்ண வைத்தது. அந்தக் கூடைக்குக் கீழே இருப்பதை அழித்தாக வேண்டும். அழித்துவிட்டால் பன்னிரண்டு மணி பஸ்ஸில் அவள் ஒரு ஆள்தான் ஏறுவாள்.

பதினொன்றரைக்குப் பெட்டியைப் பாஞ்சாலையிடம் கொடுத்து, சாலைக்குப் போயிருக்கச் சொன்னாள். "ஒரு எட்டு பாத்திய பாத்துட்டு வந்துடறேன்க்கா."

"அங்க இன்னாடி வெச்சிருக்குது இன்னும்?"

"வந்துடறேன்."

பாஞ்சாலை அவள் முகத்தையே பார்த்தாள். "பஸ்ஸ வுட்டுடாத" என்று மட்டும் சொன்னாள். யதார்த்தமாகத்தான் சொன்னாள். அமராவதி அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள்.

பங்குனி வெயில். காலை வேலைக்காரர்கள் பத்து மணிக்கே போய்விட்டிருந்தார்கள். கண்ணுக்கு எட்டின மட்டும் பாத்திகள், வரப்புகள், குவித்து வைத்த உப்பு. அத்தனையும் வெள்ளையாக எரிந்தது. காக்காய்கூட இல்லை. காற்று நின்றுபோயிருந்தது. காலுக்கு வெளியே நிழல் விழவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நடந்தாள். தூரத்தில் சாலை தெரிந்தது. புளியமரத்தடியில் பாஞ்சாலையின் சிவப்புச் சேலை தெரிந்தது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

மூலையில் கூடை இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் தொடவில்லை. மேலே மெல்லிசாக உப்புப் படிந்திருந்தது. இறங்கினாள். குனிந்து தூக்கினாள்.

கீழே தரை வழுவழுவென்று இருந்தது. தடம் இல்லை.

ஒரு நிமிஷம் நெஞ்சு லேசாகிவிட்டது. தானாகவே அழிந்துவிட்டது என்று நினைத்தாள். அழ வந்தது, சிரிப்பும் வந்தது. கூடையை எறிந்துவிட்டு நிமிர்ந்து பாத்தியைப் பார்த்தாள்.

பாத்தி முழுக்கத் தடம்.

இந்த மூலையில் ஆரம்பித்து அந்த மூலை வரைக்கும், வரிசை வரிசையாக, பிசகாமல். குதிகால் அகலம். பெருவிரல் விலகியிருந்தது. அவள் ஒரு பகல் முழுக்க மிதித்து அழித்த தரையில் அவன் திரும்ப மிதித்திருந்தான். ஒற்றை ஆளாக. ஆனால் ஒற்றை ஆள் மிதிக்கிற மாதிரி நெருக்கி மிதிக்கவில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் மிதிபடாத மண் ஒரு பட்டையாக விட்டிருந்தது. ஒரு பெண் நிற்கிற அகலத்துக்கு.

அவள் பங்கை அவன் தொடவில்லை. அவளுக்கென்று விட்டுவைத்திருந்தான்.

சாலையில் ஹாரன் கேட்டது. பஸ். பாஞ்சாலை கையைத் தூக்கி ஆட்டினாள். ஓடு என்று அமராவதி தன் கால்களிடம் சொன்னாள். வரப்புக்கு இரண்டு எட்டுத்தான்.

பின்னால் சளக்.

வலது தோளில் கை வந்து உட்கார்ந்தது.

பிடிக்கவில்லை. அழுத்தவில்லை. சும்மா. ஈரமாக, ஐஸ் மாதிரி. லேசாக நடுங்கியது, இருட்டில் வழி தெரியாதவன் கை நடுங்குகிற மாதிரி. சுற்றிலும் உச்சி வெயில் கொளுத்துகிறது. அவனுக்கு மட்டும் இன்னும் விடியவில்லை.

"மாமா" என்றாள்.

நடுக்கம் நிற்கவில்லை.

இத்தனை நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது உடைந்துவிட்டது. "பஸ் ரிப்பேரு இல்ல மாமா. நாலேகால் பஸ்ஸு வந்துச்சு. எதிர்லயே நின்னுச்சு. நாந்தான் ஏறல. டீ குடிச்சிக்கினு உக்காந்துட்டேன்." மூச்சு வாங்கியது. "நீங்க நிக்கிறீங்கன்னு தெரியும். தெரிஞ்சேதான் உக்காந்திருந்தேன். நல்லா இருந்துச்சு மாமா. அதான் உக்காந்துட்டேன். நல்லா இருந்துச்சு."

கை நடுங்குவது நின்றது.

இப்போது கழுத்தை நெரிக்கும் என்று நினைத்தாள். நெரிக்கட்டும் என்றுகூட நினைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கட்டைவிரல் அவள் கழுத்தோரத்தை மெதுவாக ஒரு தடவு தடவியது.

பரவாயில்லை என்கிற மாதிரி. எப்போதும் போல. பிறகு அந்தக் கை, வலிக்காமல், அவளைக் கொஞ்சமே கொஞ்சம் இடது பக்கம் திருப்பியது. முதல் வரிசை. விட்டுவைத்த பட்டை.

அடித்திருந்தால் ஓடியிருப்பாள்.

ஹாரன். மறுபடி ஹாரன். "அமராவதீ..." என்று பாஞ்சாலையின் குரல், எங்கேயோ.

இடது கால் இறங்கியது. அளவு சரியாக இருந்தது. பக்கத்தில் சளக். வலது கால். பக்கத்தில் சளக். ஒரே அடியாக.

பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. இறுகிக் காய்ந்திருக்க வேண்டிய தரை அவள் காலடியில் மட்டும் இளகியிருந்தது. முதல் மிதியில் கணுக்கால். அடுத்ததில் கெண்டைக்கால். காலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. முழங்கால்.

தோள் இறங்க இறங்க, அந்தக் கையும் கூடவே இறங்கி வந்தது.